நாலாவது திருகாணி

மீன்பிடிச் சங்கத்துக் கொம்பியூட்டரை
கிண்ணியாவிலிருந்து ஓட்டோவில் கொண்டுவந்தார் மர்சூக்.
பாலம் தாண்டும் வரை மடியில் வைத்திருந்தாராம்,
காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்திருப்பது போல.
"பாத்துத் திறங்க மகள்,
சங்கத்துட முழுக் கணக்கும் இதுக்குள்ளதான் கிடக்கு."

நான்கு திருகாணி. மூன்று கழன்றன.
நாலாவதன் தலையை எனக்கு முன்பே யாரோ
மீன் வெட்டும் கத்தியால் கடைந்திருக்கிறார்கள்.
கூட்டல் குறி இருந்த இடத்தில் வெறும் குழி.
றப்பர் பட்டியை வைத்துத் திருகினேன்,
பட்டிதான் அறுந்தது.
எண்ணெய் விட்டேன்,
கடையில் இருந்தது தேங்காய் எண்ணெய்.
கெட்ட வார்த்தை ஒன்று விட்டேன், மர்சூக்குக்குக் கேட்காமல்.
அதற்குக் கொஞ்சம் அசைந்தது.

இந்த ஊரில் இரும்புக்கு இரண்டு சொந்தக்காரர்.
காசு கொடுத்தவர் ஒருவர், கடல் மற்றவர்.
என்.சி. வீதியில் கதவை மூடி வைத்தாலும்
உப்பு உள்ளே வந்து தன் பங்கைக் கேட்கும்.

பக்கத் தகடு இழுத்தால் வராது,
தட்டினால் வராது,
போடா என்று கையை எடுக்கும் நேரம் பார்த்து வந்து
விரலைக் கிழித்துக்கொண்டு விழும்.
சுட்டுவிரலில் ஐந்து தழும்பு எனக்கு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கொம்பனிப் பெயர் சொல்வேன்.

உள்ளே ஆட்டுரோமம் போலத் தூசி.
பல்லி முட்டை இரண்டு, ஒன்று பொரித்தது.
வயிறு ஊதிய கெப்பாசிட்டர்கள்
கலியாண வீட்டுச் சாப்பாடு முடிந்த மாமாமார் மாதிரி
வரிசையாய்ச் சாய்ந்திருந்தன.

ஈயம் உருக்கி நான்கை மாற்றினேன்.
ராமைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் போட்டேன்.
மூன்று தரம் கத்தியது.
இடம் மாற்றினேன்.
நீளமாய் ஒன்று, குட்டையாய் இரண்டு.
அதற்கு ஒரு பாஷை இருக்கிறது,
என்னிடம் பாதி அகராதிதான்.
பிறகு கத்தவே இல்லை. அதுதான் பயம்.

பவர் சப்ளையையும் மாற்றுவோம் என்று திரும்பினால்
புதிது வந்த அட்டைப்பெட்டியை
வாசலில் நின்று தின்றுகொண்டிருந்தது ஒரு புள்ளிமான்.
உத்தரவாதச் சீட்டு அதற்குள்.
விரட்டினேன். மென்றபடியே
பஸ் நிலையப் பக்கம் போனது, அவசரமில்லாமல்.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
ஐந்தரைக்கு வந்தது, கூடவே திரையும்.
கறுப்பில் வெள்ளை எழுத்து:
திகதி பிழை.
பட்டறி செத்தால் இந்த போட்டுகள்
தாம் பிறந்த வருடத்துக்கே திரும்பிவிடும்.
2004, தை முதலாம் திகதி.

வருடத்தின் மேல் நின்று கூட்டல் பொத்தானில் விரலை வைத்தேன்.
"கொஞ்சம் நில்லுங்க மகள்."
மர்சூக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
அந்த நாலு இலக்கத்தையே பார்த்தார்.
"தை மாசம். அப்ப சங்கத்தில நூத்திப் பன்னிரண்டு பேர்."
ஃபேன் மட்டும் இரைந்தது.
"சரி. தட்டுங்க."

ஒரே தட்டு. 2005.
ஒரு சத்தமும் இல்லை.
மிச்ச வருடங்களை விரல் எடுக்காமல் ஓடவிட்டேன்.

கணக்குப் புத்தகம் திறந்தது.
உதவியாய் வந்த மெஷினில்
வெயிலில் காயவைத்த கொப்பியைப் பார்த்து
யாரோ முதல் முதல் தட்டெழுதிய பட்டியல்.
நூற்றுப் பன்னிரண்டு வரி.
வலைக் கடன், எஞ்சின் கடன்,
பலர் பெயருக்கு நேரே அந்த மார்கழியோடு நின்ற நிலுவை.
"யாரிட்டக் கேக்கிற? அழிக்கவும் ஏலா,"
என்றவர் சேர்ட் பையில் காசு தேடினார்.

இருட்ட முன் கொண்டுபோனார், அதே மடியில்.
முக்கால் மணித்தியாலத்தில் போன் அடித்தது.
"மகள், திரும்பக் கத்துது."
"எத்தினை தரம்?"
"மூண்டு."
ஓட்டோ குலுங்கி ராம் ஆடியிருக்கும்.
நாளைக்குக் கொண்டுவாங்க என்றேன்.
மேசையில் கிடந்தது தலை கடைந்த திருகாணி.
நல்ல காலம்,
அதை நான் திரும்பப் போடவில்லை.